ஐந்து மாதக் குழந்தை, மூன்று நாள் சளி, ஒரு மஞ்சள் பை: நிகழ்வு ஆய்வு

ஆண் குழந்தை, வயது ஐந்து மாதம், எடை 6.2 கிலோ. நிறைமாதப் பிரசவம், பிறக்கும்போது 2.9 கிலோ. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகள் எல்லாம் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டாகிவிட்டது. வீடு கொளத்தூர் பக்கம், முதல் மாடி. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. அக்காவுக்கு நாலரை வயது, எல்கேஜி படிக்கிறாள். அப்பாவின் அம்மாவும் உடன் இருக்கிறார். குடும்பத்தின் ஒப்புதலோடு, ஆளைக் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

2025 அக்டோபரில் இருமல் சிரப் சாவுகள் தலைப்புச் செய்தியாக இருந்து ஓய்ந்த சில வாரங்களில் நடந்தது இது. வடகிழக்குப் பருவமழை நேரம். வடசென்னைக் குழந்தைகள் பிரிவுகளில் அந்த நேரத்தில் இரண்டில் ஒரு குழந்தை சளியோடுதான் வரும்.

வந்தபோது சொன்னது

முதலில் அக்காவுக்குச் சளி, பள்ளியிலிருந்து கொண்டு வந்தது. இரண்டு நாள் கழித்துத் தம்பிக்கு மூக்கொழுகல். அடுத்த நாள் இருமல், லேசான சூடு. மூன்றாம் நாள் பகலில் மூக்கடைப்போடு பால் குடித்துக்கொண்டுதான் இருந்தான், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு. அன்று இரவுதான் எல்லாம் மாறியது. "நைட்டு ஒரு மணியிலேருந்து ஒரே கத்தல் டாக்டர். தோள்ல போட்டாலும் அடங்கலை. கை காலெல்லாம் வெடுக் வெடுக்குனு. நாலு மணிக்கு மேல தூங்கிட்டான். அப்புறம் எழுப்புனா கண்ணைத் தொறக்கலை. மார்ல வெச்சா இழுக்கவே இல்லை."

காலை எட்டு மணிக்கு வந்தார்கள். இரவு பதினொன்றுக்குப் பிறகு துணி நனையவில்லை என்பதையும் அம்மாவே சொன்னார். நான் கேட்கும் முன்பே சொன்னது இந்த ஒன்றைத்தான், அதுவே மிக முக்கியமான தகவல். பாட்டிக்கு இது மாந்தம் என்று சந்தேகம். வியாசர்பாடியில் தொக்கம் எடுக்கும் ஒருவரிடம் போகலாம் என்று அவர் சொல்ல, அம்மா பிடிவாதமாக ஆட்டோவை இங்கே திருப்பியிருக்கிறார்.

பரிசோதனையில்: உடல் சூடு 99.6 டிகிரி. மூச்சு நிமிடத்துக்கு 54. விலாவுக்குக் கீழே லேசாக உள்வாங்கல், இரண்டு பக்கமும் நுண்ணிய கரகரப்பும் கொஞ்சம் விசில் சத்தமும். ஆக்சிஜன் 95 சதவீதம். இந்த அளவில் பார்த்தால் நடுத்தரமான மழைக்காலச் சளிதான், நாங்கள் தினமும் பார்ப்பது. ஆனால் இதயத்துடிப்பு 184. அந்தச் சூட்டுக்கு இது பொருந்தவில்லை. நாக்கும் உதட்டின் உட்புறமும் வறண்டிருந்தன. கண்மணி வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கிள்ளினால் முகம் சுளித்து அழுகிறான், உடனே மறுபடி தூங்கிப் போகிறான். அடிவயிற்றில் மூத்திரப்பை நிறைந்து கையில் தட்டுப்பட்டது.

ஒன்பது மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தையின் மூத்திரப்பை காலியாக இருந்தால் அது நீர்வறட்சி. நிறைந்திருந்தால் கதை வேறு. சிறுநீர் உண்டாகியிருக்கிறது, வெளியே வரவில்லை.

மனதில் ஓடியவை

ஐந்து மாதக் குழந்தை மயங்கி மயங்கித் தூங்குகிறது, பால் குடிக்கவில்லை என்றால் முதலில் நினைக்க வேண்டியது இரத்தத்தில் கிருமி, மூளைக்காய்ச்சல். உச்சிக்குழி மேடாக இல்லை, கழுத்து சாதாரணமாக இருந்தது, தோலில் புள்ளி இல்லை. இரத்தச் சர்க்கரை 74, இயல்புதான். இரத்தப் பரிசோதனைக்கு எடுத்தோம், நரம்பில் ஊசி போட்டுச் சொட்டு நீர் ஆரம்பித்தோம். மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகில் நீர் எடுக்கலாமா என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது.

இரண்டாவது, மூச்சுக்குழல் சளி முற்றிக் குழந்தை களைத்துப் போயிருக்கலாம். பிராங்கியோலைட்டிஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்: நுரையீரலின் மிகச் சிறிய குழல்கள் வைரஸால் வீங்கிச் சளியால் அடைபடும். இரண்டு வயதுக்குள் வரும், பெரும்பாலும் ஆர்எஸ்வி வைரஸால். மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாள் வரை உச்சத்தில் இருக்கும். நாள் கணக்கு பொருந்தியது. ஆனால் களைத்து மயங்கும் அளவுக்கு முற்றியிருந்தால் ஆக்சிஜன் 95-ல் நிற்காது, மூச்சும் இவ்வளவு அமைதியாக இருக்காது.

மூன்றாவது கொஞ்சம் அபூர்வமானது. கண்மணி விரிவு, வறண்ட வாய், உறிஞ்சும் சக்தி குறைவு என்றால் தேன் கொடுத்தீர்களா என்று கேட்க வேண்டும். தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு விடும். அதில் முதலில் வருவது மலச்சிக்கல், பிறகு இமை தொங்கல், உடல் தளர்ச்சி. இவனுக்கு மலம் வழக்கம்போல் போயிருந்தது, கை காலில் நல்ல பலம் இருந்தது. கற்பூரவள்ளிச் சாற்றில் தேன் கலந்து நாக்கில் தடவப் பாட்டி தயாராக இருந்ததும், அம்மா விடாததும் பிறகு தெரிந்தது.

நான்காவது, மருந்து.

"வேற ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?"

"ஒண்ணும் கொடுக்கலை டாக்டர். காய்ச்சல் மருந்து மட்டும். தடுப்பூசி போட்டப்ப கொடுத்தாங்களே, அது மீதி இருந்துச்சு." சொல்லும்போதே அம்மாவின் குரல் இறங்கியது, திட்டப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள பாராசிட்டமால் சொட்டு மருந்து, 0.6 மில்லி, பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. 6.2 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 60 மில்லிகிராம். கிலோவுக்கு 10 முதல் 15 என்பது அளவு, இது அதன் கீழ் எல்லையை ஒட்டியது, எனவே சரியாகவே கொடுத்திருக்கிறார். அந்த வீட்டில் இவனுக்குக் கொடுத்ததில் பிழையே இல்லாத ஒரே மருந்து, அவர் பயந்து பயந்து சொன்ன இதுதான்.

மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டால் சென்னையில் வரும் பதில் பெரும்பாலும் டாக்டர் எழுதிய மருந்தைப் பற்றித்தான் இருக்கும். மெடிக்கல்ஸில் வாங்கியது, உரை மருந்து, ஓம வாட்டர், கிரைப் வாட்டர், நெஞ்சில் தடவியது, மூக்கில் விட்டது எதுவும் அந்தக் கணக்கில் சேராது. அதனால் நான் மருந்து என்ற சொல்லையே விட்டுவிட்டு, வாயிலும் மூக்கிலும் தோலிலும் போனது எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள் என்று கேட்பது வழக்கம். அப்பா வீட்டுக்குப் போய் ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு அரை மணியில் வந்தார்.

பையில் இருந்தவை

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், ஒரு சின்ன மருந்து பாட்டிலில். பாராசிட்டமால் சொட்டு மருந்து. மூக்கில் விடும் உப்புநீர், பிரிக்காதது. அப்புறம் ஒரே பெயர், ஒரே நிற அட்டை உள்ள இரண்டு பெட்டிகள். ஒன்று அக்காவுக்கு வாங்கிய சளி சிரப், 60 மில்லி. மற்றது தம்பிக்கு வாங்கிய சளி சொட்டு மருந்து, 15 மில்லி.

இரண்டிலும் இருப்பது அதே இரண்டு மருந்துகள்: குளோர்பெனிரமின், பினைலெப்ரின். முதலாவது பழைய தலைமுறை அலர்ஜி மருந்து, மூளைக்குள் புகுந்து தூக்கம் வரவைப்பது. இரண்டாவது இரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கடைப்பைக் குறைக்கும் என்று சேர்ப்பது. அளவில்தான் வித்தியாசம். சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராமும் 5 மில்லிகிராமும். சொட்டு மருந்தில் அதே 2-ம் 5-ம் ஒரே மில்லியில். அதாவது ஐந்து மடங்கு செறிவு.

பெட்டிகளில் கடைக்காரர் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தார். சிரப்பில் 2.5, சொட்டு மருந்தில் 0.5, இரண்டிலும் மூன்று வேளைக்குக் குறியாக மூன்று கோடு. சொட்டு மருந்துப் பெட்டியில் அந்த 0.5 விழுந்திருந்த இடம், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பொடி ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்த வரியின் மேலேயே. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வரும். ஆனால் பேனாவில் எழுதியதைப் பார்த்த கண் அதற்கு அடியில் இருந்ததைப் பார்க்கவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான்.

மருந்து வாங்கிய முதல் நாள் மாலை தொடங்கி நாலு வேளை கொடுத்ததாகச் சொன்னார்கள். நாலு அரை மில்லி என்றால் இரண்டு மில்லி. 15 மில்லி பாட்டிலில் 13 இருக்க வேண்டும். சிரிஞ்சில் உறிஞ்சி அளந்து பார்த்தோம், பத்தரைதான் இருந்தது. இரண்டரை மில்லி எங்கே போனது? சிரப் பாட்டிலின் மேல் கவிழ்த்திருந்த அளவு மூடியை எடுத்துப் பார்த்தால், 2.5 கோட்டை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு வளையம் காய்ந்திருந்தது. சிரப்போ ரோஜா சிவப்பு. சொட்டு மருந்துதான் ஆரஞ்சு.

அம்மா உடனே மாமியாரைப் பார்த்தார். பாட்டி, "நான் எண்ணெய் தடவுனதோட சரி, அந்த பாட்டிலைத் தொடவே இல்ல" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அப்பாதான் சொன்னார். இரவு பதினொன்றரைக்கு இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறார். மனைவி அசந்து தூங்கியிருக்கிறார். குழந்தை இருமியிருக்கிறது. விளக்கைப் போட்டால் இரண்டு பிள்ளைகளும் எழுந்துவிடும் என்று இருட்டிலேயே சொட்டு மருந்தை எடுத்திருக்கிறார். சொட்டுக் குழாய் கையில் கிடைக்கவில்லை. மூடி கிடைத்தது. மனதில் இருந்த எண் மகளின் பெட்டியில் பார்த்த இரண்டரை.

கணக்கு

முதல் நாள் மாலை கொடுத்ததை விட்டுவிட்டால், கடைசி இருபத்து நான்கு மணி நேரத்தில் மூன்று அரை மில்லி, ஒரு இரண்டரை மில்லி. மொத்தம் 4 மில்லி. குளோர்பெனிரமின் 8 மில்லிகிராம், பினைலெப்ரின் 20 மில்லிகிராம். பெரியவர்கள் சளிக்குப் போடும் குளோர்பெனிரமின் மாத்திரை ஒன்றில் இருப்பது 4 மில்லிகிராம். ஆறு கிலோ குழந்தையின் உடம்பில் ஒரே நாளில் இரண்டு மாத்திரை போயிருக்கிறது.

இப்போது எல்லாம் கோர்வையாக வந்தது. குளோர்பெனிரமின் தூங்க வைக்கும், ஆனால் சிறு குழந்தைகளில் சிலருக்கு முதலில் நேர் எதிராக வேலை செய்யும்: அடங்காத அழுகை, துடிப்பு, கை கால் வெடுக்கென்று இழுப்பது. இரவு ஒரு மணிக் கூச்சல் அதுதான். பிறகுதான் ஆழ்ந்த தூக்கம். வாய் வறள்வதும், கண்மணி விரிவதும், சிறுநீர் தேங்குவதும் அதன் வேலையே. இதயத்துடிப்பை ஏற்றியதில் இரண்டு மருந்துக்கும் பங்கு உண்டு. சளியால் வந்தது மூச்சு 54-ம், கரகரப்பும் மட்டும்தான்.

எனக்கு இந்த நிகழ்வில் முக்கியமாகப் படுவது இதுதான். மருந்தின் பக்க விளைவு முதலில் குணம் மாதிரி தெரிந்தது, பிறகு நோய் மாதிரி தெரிந்தது. முதல் நாள் மாலை அரை மில்லி கொடுத்ததும் குழந்தை நன்றாகத் தூங்கியிருக்கிறான். "மருந்து கேக்குது" என்று வீட்டில் நிம்மதி. சளி அப்படியே இருந்தது, தூக்கம் மட்டும் வந்தது. அதை மருந்து வேலை செய்வதாக எடுத்துக்கொண்டதால்தான் மறுநாள் இரவு இருமல் கேட்டதும் கை தானாக அந்தப் பாட்டிலுக்குப் போனது. காலையில் அதே தூக்கம் எங்களுக்கு மூளைக்காய்ச்சலாகத் தெரிந்தது. சிறு குழந்தையின் நோய் முற்றுகிறதா என்று காட்டும் முதல் அறிகுறியே அது விழிப்பாக இருக்கிறதா, பால் குடிக்கிறதா என்பதுதான். தூங்க வைக்கும் மருந்து அந்த அறிகுறியையே அழித்துவிடுகிறது.

என்ன செய்தோம்

அதிகம் இல்லை. எல்லா மருந்தையும் நிறுத்தினோம். மருந்து உள்ளே போய் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதால், வயிற்றில் உள்ள மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூள் கொடுப்பதில் பயன் இல்லை. அரைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து வேறு. இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் தொடர்ந்து காட்டும் கருவி மாட்டினோம். ஈசிஜியில் துடிப்பு வேகம் தவிர வேறு கோளாறு இல்லை. அடிவயிற்றில் வெதுவெதுப்பான துணி வைத்து மெல்ல அழுத்தியதும் சிறுநீர் போனது, குழாய் தேவைப்படவில்லை. இரத்தத்தில் கிருமித் தொற்றுக்கான அடையாளம் இல்லை. முதுகு நீரை உடனே எடுக்காமல், மணிக்கு மணி பார்த்துக்கொண்டு, நண்பகலுக்குள் தெளிவு வராவிட்டால் எடுப்பது என்று முடிவு செய்தோம். பதினோரு மணிக்குக் கண் திறந்தான். ஒரு மணிக்கு அம்மாவின் குரலுக்குத் திரும்பினான்.

முழு விழிப்பு வரும் வரை வாயில் எதையும் ஊற்றவில்லை. மாலையில் மூக்கில் உப்புநீர் இரண்டிரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துச் சளியை மென்மையாக உறிஞ்சி எடுத்துவிட்டு, பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். இரவில் மார்பிலேயே குடித்தான்.

நெபுலைசர் வைக்கமாட்டீர்களா என்று அப்பா இரண்டு முறை கேட்டார். பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு வைத்திருந்தார்கள், அது ஆஸ்துமா. பிராங்கியோலைட்டிஸில் குழல் அடைபடுவது வீக்கத்தாலும் சளியாலும், தசை இறுகுவதால் அல்ல. நெபுலைசரில் வைக்கும் சால்புட்டமால் தளர்த்துவது தசையை. ஏற்கெனவே 180-ல் ஓடிய இதயத்துக்கு அது இன்னும் கொஞ்சம் படபடப்பைத்தான் கொடுத்திருக்கும். ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் மூக்குச் சளி பச்சையாக மாறியபோது பாட்டி அதைக் கர்ச்சீப்பில் பிடித்துக் காட்டினார். வைரஸ் சளியும் நடுவில் பச்சையாகத்தான் மாறும்.

இரண்டாம் நாள் காலை துடிப்பு 132. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம், இருமலோடுதான்.

சிரப்பில் நஞ்சு இல்லை, அப்புறம் என்ன பிரச்சினை

"டிவியில சொன்ன சிரப் இது இல்ல டாக்டர், நான் பேரைப் பார்த்துத்தான் வாங்குனேன்." அப்பா இதை என்னிடம் சொன்னது முறையீடாக அல்ல, உண்மையாகவே புரியாமல்.

அவர் சொன்னது நியாயம்தான். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1. சென்னைக்கே இது புதிதும் அல்ல, 1972-ல் இதே நஞ்சு கலந்த மருந்தால் இங்கே குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் செய்தி மக்கள் மனதில் விட்டுப்போனது, கெட்ட கம்பெனி சிரப், நல்ல கம்பெனி சிரப் என்ற பிரிவு. இந்தக் குழந்தைக்குக் கொடுத்த பாட்டிலில் எந்தக் கலப்படமும் இல்லை. அட்டையில் எழுதியது அப்படியே உள்ளே இருந்தது. அதுதான் அவனைத் தூங்க வைத்தது.

அதே அக்டோபர் 3-ம் தேதி மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய அறிவுரையில், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்தே எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று இருக்கிறது. நஞ்சுச் செய்தியின் இரைச்சலில் அந்த வரி அமுங்கிப்போனது. இந்தக் குழந்தைக்குக் கொடுத்த அதே கலவைக்கு, நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. அமெரிக்காவில் 2008-லேயே இரண்டு வயதுக்குக் கீழ் இவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம் எளிது. வைரஸ் சளியில் மூக்கு ஒழுகுவதற்கு முக்கியக் காரணம், அலர்ஜியில் உடம்பு சுரக்கும் ஹிஸ்டமின் அல்ல. அதைத் தடுக்கும் மருந்தால் பெரிதாகக் குறையாது. சளியை உலர்த்தும், உலர்ந்த சளி கெட்டியாகி, வெளியேறச் சிரமப்படும். இருமல் என்பது அதை வெளியே தள்ளும் வேலை, அதை மயக்கித் தூங்க வைப்பதில் லாபம் இல்லை. ஆக, அப்பா இருட்டில் மூடியை மாற்றி எடுத்தது பிழைதான், ஆனால் அது கடைசிப் பிழை. விளக்கைப் போட்டுச் சொட்டுக் குழாயில் அரை மில்லி சரியாக அளந்திருந்தாலும் இந்த மருந்து இந்த வயதுக்கு இல்லை. பகலில் சரியாக அளந்து கொடுத்த மூன்று வேளைகளே 3 மில்லிகிராம், பெரியவர் மாத்திரையில் முக்கால். கவுண்டரில் "அஞ்சு மாசக் குழந்தைக்குச் சளி" என்று கேட்டதும் பெட்டியை எடுத்து நீட்டிய இடத்தில்தான் இது ஆரம்பித்தது. வீட்டில் யாரையாவது குற்றவாளியாக்க வேண்டும் என்ற அவசரத்தை நான் வளர்க்கவில்லை. முதலில் சுட்டப்பட்டவர் பாட்டி என்பதும் எனக்கு ஆச்சரியம் இல்லை, எந்த வீட்டிலும் முதலில் அவரைத்தான் சுட்டுவார்கள்.

பாட்டியின் எண்ணெயையும் சும்மா விட முடியாது. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், சிறு குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும். நெஞ்சில் தடவும் களிம்புகளில் இருப்பதும் இதுதான், அதனால்தான் இரண்டு வயதுக்குக் கீழ் அவையும் கூடாது. இவனுக்கு வந்த வெடுக் வெடுக்கில் அதன் பங்கு கொஞ்சம் இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பாட்டியிடம், தேங்காய் எண்ணெய் மட்டும் தடவுங்கள், கற்பூரம் சாமிக்கு ஏற்றுங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார். மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகையில் காட்டுவது, இரவு முழுக்கக் கொசுவத்தி எல்லாவற்றையும் பேசினோம். சாம்பிராணியை விடத்தான் அவருக்கு மனம் வரவில்லை. தலையைத் துண்டால் துவட்டினாலே காய்ந்துவிடும் என்றால், "அதெப்படி" என்கிறார்.

அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது

மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்துப் பாருங்கள் என்றேன். முதல் சில மாதக் குழந்தைக்கு மூக்கடைத்தால் பால் குடிப்பது அப்படித்தான். எனவே பாலுக்கு முன் உப்புநீர், பிறகு கொஞ்சமாக அடிக்கடி பால். பையில் பிரிக்காமல் கிடந்த அந்தப் பாட்டில்தான் அவனுக்குத் தேவையான மருந்து. அது விலை குறைவு என்பதால் யாரும் அதை நம்பவில்லை போலும்.

மூச்சு எண்ணுவதை நேரிலேயே செய்ய வைத்தோம். தூங்கும்போது அல்லது அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவது ஒன்று என்று போனில் ஒரு முழு நிமிடம் வைத்து எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாக வரும், குழந்தைகள் விட்டு விட்டு மூச்சு விடுவார்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும் வேகம். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயதுக்கு மேல் 40. வேகம் தொடர்ந்தால், விலா உள்வாங்கினால், வழக்கமான பாலில் பாதி கூட இறங்காவிட்டால், எட்டு மணி நேரம் துணி நனையாவிட்டால், எழுப்பினால் எழவில்லை என்றால், உதடு நீலம் பாரித்தால் நேரம் காலம் பார்க்காமல் கிளம்ப வேண்டும், வண்டி இல்லையென்றால் 108. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே போதும், இருமல் இருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை.

பாராசிட்டமாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலும் இதே சொட்டு, சிரப் குழப்பம் உண்டு. சொட்டு மருந்தில் மில்லிக்கு 100, சிரப்பில் 5 மில்லிக்கு 120, இன்னொரு சிரப்பில் 250. ஒரு பாட்டிலின் குழாயோ மூடியோ இன்னொன்றுக்குப் போகக் கூடாது. அப்பா அங்கேயே அக்காவின் சிரப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, பையில் மிஞ்சிய பாராசிட்டமால் சொட்டு மருந்தில் குழாயை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்.

பிறகு

இருமல் மூன்றாம் வாரம் வரை இருந்தது. இரண்டு, மூன்று வாரம் இருமுவது இதில் வழக்கம் என்று முன்பே சொல்லியிருந்தும் அம்மா போன் செய்தார். பால் குடிக்கிறானா, விளையாடுகிறானா என்றேன், இரண்டும் உண்டு என்றார். மூச்சு எண்ணிப் பார்த்து 42 என்று அவரே சொன்னார். ஒன்றும் கொடுக்கவில்லை. நான்காம் வாரம் எடை பார்க்க வந்தபோது 6.7 கிலோ, மூக்கில் புதுச் சளி ஒன்று ஆரம்பித்திருந்தது. பள்ளிக்குப் போகும் அக்கா உள்ள வீட்டில் வருடத்துக்கு ஆறு, எட்டு சளி என்பது கணக்கில் சேர்ந்ததே.

மருந்தின் பக்க விளைவுக்கான படிவத்தை நிரப்பி இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அனுப்பினோம். இது போலீஸ் புகார் அல்ல, யாரையும் பிடித்துப் போகமாட்டார்கள் என்று அப்பாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. டாக்டர்தான் அனுப்ப வேண்டும் என்றும் இல்லை, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பெற்றோரே சொல்லலாம். மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி, எவ்வளவு எப்போது கொடுத்தது, குழந்தையின் எடை ஆகியவற்றைக் கேட்பார்கள். எனவே பாட்டிலையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாமல், மிச்ச மருந்தோடு அப்படியே கொண்டு வாருங்கள்.